பை மட்டும் அதே அளவு

மே 14, செவ்வாய்

எட்டாம் வகுப்புக்கு மனையியல் பாடம். பலகையில் எழுதினேன்: ‘விலை ஏறவில்லை. பொருள் எங்கே போனது?’

பிறகு என் கோப்பை எடுத்தேன். பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த காலிப் பைகள். ஒரே கம்பெனி, ஒரே கடற்பாசிச் செம்பே, அதாவது அரிசி மாவில் சுட்ட மொறுமொறு வில்லைகள். பைக்கு இருபத்துநாலு, இருபத்திரண்டு, இருபது, இப்போது பதினெட்டு. பை மட்டும் அதே அளவு.

ஹிரோதா புதுப் பையைக் காதருகே ஆட்டினான். “டீச்சர், செம்பே வாங்கினா காத்து இலவசமா, காத்து வாங்கினா செம்பே இலவசமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரை நினைத்துக்கொண்டு இந்தப் பாடத்தை நடத்துகிறேன் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மே 15

இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது? இருபத்துநாலை இருபத்திரண்டாக்கிய வருடம் நான் அந்தக் கம்பெனியின் திட்டப் பிரிவில் இருந்தேன். குறைத்ததைப் பையின் முன்பக்கமே போட்டுவிடலாம் என்றேன். என் மேலாளர் கனெமாரு சிரித்தார். அப்போது என் பெயர் ஹயாசே. “ஹயாசே, நீ திங்கிறவங்க பக்கமா, நம்ம பக்கமா?”

புகார்கள் குவிந்ததும், குறைக்கிற யோசனையே என்னுடையது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்க என்னை அனுப்பினார்கள், புகார் கொடுத்த நாற்பத்தொரு வீடுகளுக்கு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெட்டிச் செம்பேயை நீட்டிக் குனிந்தேன். ஒரு அம்மாள் பெட்டியைத் திருப்பி என் செருப்பின் மேலேயே வைத்தாள். கனெமாரு ஒரு வாசலுக்கும் வரவில்லை.

அவர் ஒரு தடவை குனிய வேண்டும். என் எதிரில். அது போதும் எனக்கு.

போதுமா? போதும்.

ஜூன் 11

கடிதம் எழுதும் பாடம். “கோபத்த எழுதாதீங்க, எத்தனை கிராம்னு எழுதுங்க” என்றேன். வாங்கிய தேதி, கடை, எண்ணிக்கை, எடை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. திட்டினால் குப்பைக்குப் போகும், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். நூறு கிராம் என்ன விலை என்று போட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இப்போது வீட்டில் எதையும் சும்மா வைப்பதில்லையாம். ஒகிநோ தன் அப்பாவின் டூத்பேஸ்ட்டைக்கூட நிறுத்துப் பார்த்தாளாம்.

அந்தக் கம்பெனிக்கு முப்பத்திரண்டு கடிதங்கள். உதவித் தலைமையாசிரியர் தயங்கித் தயங்கி வந்தார். “துசுமி டீச்சர், வம்பு வேணாமே. நம்ம பசங்க வீட்ல பாதிப் பேர் அங்கதான் வேலை பாக்கறாங்க.”

“பசங்கள எழுதப் பழக்கறேன் சார், வேற ஒண்ணுமில்ல.”

பாதி உண்மை.

ஜூலை 2

பதில் வந்துவிட்டது. பிரிவுத் தலைவரே நேரில் வருகிறாராம். கையெழுத்து: கனெமாரு.

ஜூலை 9, செவ்வாய்

வந்தார். தலை நரைத்திருக்கிறது. கையில் செம்பேப் பெட்டி, அன்று வாசல் வாசலாக நான் தூக்கிப் போன அதே துணி உறை. பிள்ளைகள் முன் இடுப்பு வரை மடிந்து மன்னிப்புக் கேட்டார். என்னைப் பார்த்தும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை! கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிவிட்டது, முடியை வெட்டிவிட்டேன் — அதற்காக முகமுமா மறந்துபோகும்?

ஒகிநோ எழுந்தாள். “சார், குறைக்கலாம்னு முதல்ல சொன்னது யாரு?”

“பல வருஷம் முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்க. இப்ப வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க.”

என் முகத்தைப் பார்த்தபடி, மரியாதையாக, அதைச் சொன்னார்.

“அந்த அம்மா பேரு ஹயாசே” என்றேன். “நான்தான் சார் அது. நான் சொன்னது, குறைச்சத முன்னாடி போடுங்கன்னு.”

ஒரு விநாடி கண் சிமிட்டினார். பிறகு, “அடடா, உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டோம்” என்று மறுபடி குனிந்தார். இன்னும் ஆழமாக. எனக்காகவே.

பன்னிரண்டு வருடம் காத்திருந்த குனிவு. ஹிரோதா பெட்டியைப் பிரித்து ஒரு செம்பேயைத் தராசில் வைத்தான். ஆறு கிராம். அதற்காவது எடை இருந்தது.

ஜூலை 10

குனிந்தார், பார்த்தேன். அப்புறம் ஏன் —

அக்டோபர் 3

மாவட்டப் பத்திரிகையில் கனெமாரு படம். ‘பிள்ளைகளின் குரலுக்குச் செவிசாய்த்த நிறுவனம்: மீண்டும் இருபது செம்பே, அதே விலை.’ பையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘20’. முன்பக்கம் போடுவது தன் நெடுநாள் கனவாம்! பத்திரிகையை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கழிவறைக் கதவின் இடுக்கில் செருகினேன். இவரை நான்தான் பெரிய மனிதராக்கினேன். என் வகுப்பில், என் தராசை வைத்து.

அக்டோபர் 8, செவ்வாய்

பாடமே நடத்தத் தோன்றவில்லை. புதுப் பையை வகுப்பில் பிரிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். ஒகிநோ எண்ணினாள். இருபது. சரியாக இருபது. “ஜெயிச்சுட்டோம் டீச்சர்!” என்று பின்பெஞ்சில் கைதட்டினார்கள்.

ஹிரோதா கைதட்டவில்லை. ஒரு செம்பேயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். தராசில் வைத்தான். எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தான்.

“டீச்சர். அஞ்சு கிராம்.”

“எல்லாத்தையும் வை.”

நூறு. ஜூலையில் பதினெட்டு செம்பே நூற்றெட்டு கிராம்.

“இளைக்க வச்சுட்டு ஆளக் கூட்டிட்டாங்க” என்றான் ஹிரோதா. அப்போது சிரிப்பு வந்தது எனக்கு. வெட்கமே இல்லாத சிரிப்பு. பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

கடிதத் தாள்களைக் கொடுத்தேன். இந்த முறை ஒரு பிரதி அந்தப் பத்திரிகைக்கு, ஒன்று நுகர்வோர் மையத்துக்கு. எப்படி முடிப்பது என்று ஒகிநோ கேட்டாள். நான் சொல்லச் சொல்ல முப்பத்திரண்டு பேரும் எழுதினார்கள்:

‘நேரில் யாரும் வர வேண்டாம். பதிலைக் கிராமில் எழுதி அனுப்பவும்.’