மாடி போன்

12.6.89, திங்கள்
இன்றும் லைன் அறுந்துவிட்டது. கம்ப்யூட்டர் கணக்கைப் போன் லைனில் அனுப்பும் மோடம் பெட்டி கீச்சென்று கத்தி பெங்களூரைப் பிடிக்கிறது. பாதிக் கணக்கு போவதற்குள் பச்சைத் திரையில் 'நோ கேரியர்'. எங்கள் ஆலையின் மாம்பழக்கூழ் இருப்புக் கணக்கு தினமும் இந்தப் பெட்டி வழியாகத்தான் பெங்களூர் கம்பெனிக்குப் போக வேண்டும். அதற்குத்தான் முதலாளி கோவிந்தன் என்னை வைத்திருக்கிறார். "மாசக் கடைசிக்குள்ள போவலைன்னா பெங்களூர் ஆளைப் போட்டுக்கறேன். நீ வூட்டுக்குக் கெளம்பு சின்னப்பராஜ்" என்றார்.

14.6.89
கேபிளை மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். கும்பிடாத குறைதான். நோ கேரியர். நாசமாய்ப் போக.

18.6.89, ஞாயிறு
பூசையில் எனக்கும் ராஜமேரிக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் கல்யாணம். வெளியே வந்ததும் அவள் அண்ணன், "வேலை பர்மனென்ட்டுதானுங்களே மாப்ளே?" என்றார். "ஆமாங்க" என்றேன். வேலை இல்லாதவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

20.6.89
டெலிபோன் லைன்மேன் சவரி கம்பம் வரை பார்த்தார். "எங்க லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்க." அப்படியென்றால் கோளாறு நான்தானா? படித்ததெல்லாம் வீணா?

23.6.89
கண்டுபிடித்துவிட்டேன். ஏன்தான் கண்டுபிடித்தேனோ.

அறுவதற்கு முன் மேஜை போன் 'டிங்'கென்றது. மாடியில் முதலாளி வீட்டிலும் இதே லைனில் ஒரு போன் உண்டு. அதை எடுத்தால் இங்கே அறுந்துபோகும். மாடிக்கு ஓடினேன். முதலாளியம்மா கண்ணம்மாள் ரிசீவரைக் காதில் வைத்து நின்றிருந்தார். அப்பாவோடு சண்டை போட்டு ஓடிப்போன மகன் பம்பாயில் இருக்கிறானாம். "லைன் இருக்குதான்னு அப்பப்ப எடுத்துப் பாப்பேன் தம்பி. அவன் கூப்புடற நேரத்துல போன் செத்துக் கெடந்தா?" கீழே இறங்கி வந்தேன்.

24.6.89, சனி
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய? "வயரைக் கழட்டி வுடு. போன் அங்கயே இருக்கட்டும். அவகிட்ட மூச்சு வுடாத." அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கழற்றினேன். கணக்கு முழுதும் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி தோளில் தட்டினார்.

27.6.89
கண்ணம்மாள் கூப்பிட்டார். "சனிக்கெழமையிலருந்து சத்தமே இல்ல சாமி. கம்ப்யூட்டர் லைனையே சரி பண்ணிட்டயாமே. இதையும் கொஞ்சம் பாத்துக் குடேன்." காபி வேறு கொடுத்தார். கழற்றிய என்னிடமே! குனிந்துகொண்டு அழுதேன். வயரை மாட்டினேன். ரிசீவரைக் காதில் வைத்து, "வந்துடுச்சு!" என்று சிரித்தார்.

28.6.89
கணக்கு அனுப்பற நேரம் மட்டும் எடுக்காதீங்கம்மா என்று கெஞ்சினேன். "சரி தம்பி" என்றார். பாவம், கை சும்மா இருக்கவில்லை. டிங்.

30.6.89, வெள்ளி
டிங். நோ கேரியர்.
"வயரைத்தான் கழட்டிட்டயே, இன்னும் என்னடா கேடு?" என்றார் முதலாளி.
"தெரியலைங்க" என்றேன்.
திங்கட்கிழமை பெங்களூர் ஆள் வருகிறான். ராஜமேரியின் அண்ணனிடம் நாளைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும், மூன்றாம் ஓலைக்கு முன்பே. வருகிறவன் காதில் அந்த 'டிங்' விழாமல் இருக்கட்டும், மாதாவே.