மொசருவின் மண் தட்டு

மைசூரு
20 பிப்ரவரி 2025

சௌபாக்கியவதி வசுதாவுக்கு, உன் மாமியார் செலுவம்பாவின் அநேக ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை. மூக்கில் புடவைத் தலைப்பை அழுத்திக்கொண்டு எழுதுகிறவள் அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் உன் சிநேகிதி சுசித்ராவிடம் சென்னை விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

ஆபீஸ் வேலை என்று நீ சென்னைக்குப் போனாய், சரி. பிள்ளைக்குச் சமைத்துப் போட நான் ஸ்ரீரங்கப்பட்டணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தேன், அதுவும் சரி. உன் பூனைக்கு ஊழியம் பண்ணுவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தயிர் நிறம் என்று கன்னடத்தில் மொசரு என்று பேர் வைத்தாயே, அந்த மகாராஜா தனக்கென்று மண் கொட்டி வைத்த தட்டை விட்டுவிட்டு வீடெல்லாம் மூத்திரம் போகிறது. துவைக்கப் போட்ட துணிமேல் போயிற்று. சோபா மெத்தையில் போயிற்று. நேற்று, மடியாக உலர்த்தி மடித்து வைத்திருந்த என் ஒன்பது கஜத்தின் மேல் நிதானமாக உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

நான் வாசலில் கோமியம் தெளிக்கிறவள். அதற்காக எல்லா மூத்திரமும் ஒன்றாகிவிடாது. இது தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற நாற்றம். காபி குடித்தால் காபியில் இருக்கிறது. பினாயில் ஊற்றி ஊற்றித் துடைக்கிறேன், துடைத்த இடத்திலேயே மறுபடி போகிறது. வேலைக்கு வரும் சித்தம்மா, "கொட்டகையில சாணி அள்ளுவேன், இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ப்ரத்யும்னனுக்குச் சின்ன வயதிலிருந்தே குமட்டல் ஜாஸ்தி, பாவம். மூக்கைப் பிடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறான். மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறான்.

ஒன்று வந்து உன் பூனையைப் பார், இல்லை என்ன செய்வதென்று எழுது. எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
செலுவம்பா

*

சென்னை
27 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு வசுதா தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது.

உங்கள் புடவை பாழானதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். போனை எடுக்காததற்கும். வீட்டுக்குப் போன் செய்தால் பக்கத்தில் அவர் இருப்பார். கடிதம் உங்கள் கைக்கு மட்டும் வரும், எனக்கு இதுவே நன்றாக இருக்கிறது.

மொசருவை மீன் மார்க்கெட்டில் விடாதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். வெளியில் இருந்து பழக்கமில்லை, நாய்கள் கிழித்துவிடும். பினாயிலை நிறுத்திவிடுங்கள். அந்த நெடியில், தன் இடத்தை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று அதற்குத் தோன்றிவிடும். போன இடத்தை வெந்நீரும் வினிகரும் விட்டுத் துடையுங்கள். முக்கி முக்கி உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லை என்றால் உடனே மஞ்சுநாத் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கடுவன் பூனைக்கு அது அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தட்டில் உள்ளதைக் காலையும் மாலையும் அள்ளிவிட வேண்டும், வாரம் ஒருமுறை மண் மாற்ற வேண்டும். நான் இருந்தவரை அது தட்டுக்கு வெளியே போனதே இல்லை. தட்டை இப்போது யார் சுத்தம் செய்கிறார்கள்?

இங்கே வேலையை நீட்டித்திருக்கிறார்கள். வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் மாத்திரை மறக்காமல் சாப்பிடுங்கள்.

வசுதா

*

மைசூரு
12 மார்ச் 2025

சௌபாக்கியவதி வசுதாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

தட்டை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குச் சுரீரென்றது. என் பிள்ளைமேல் குற்றப்பத்திரிகை வாசிக்கிறாய் என்று நினைத்து இரண்டு நாள் கடிதத்தைத் தொடவில்லை. அவனைக் கேட்டேன். "தினமும் நான்தாம்மா பண்றேன், அவ சும்மா சொல்றா" என்றான்.

பிறகு நானே பார்க்கப் போனேன். துணி துவைக்கிற இடத்தில், மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். நெருங்கியதும் கண் எரிந்தது. மண் என்று அதில் எதுவும் இல்லை. ஊறி, இறுகி, கெட்டித்துப் போன ஒரு பாளம்தான் இருந்தது, மேலே பூஞ்சை. ஈ மொய்த்தது. வாசல்வரை ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அந்தத் தட்டில் நானாக இருந்தாலும் கால் வைத்திருக்க மாட்டேன். ஆபீஸ் களைப்பில் மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மொசரு முக்க ஆரம்பித்துவிட்டது. மஞ்சுநாத் டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாள்கணக்காக அடக்கி அடக்கி மூத்திரப் பை புண்ணாகிவிட்டது, இன்னும் அடைத்துக்கொள்ளவில்லை, பிழைத்தது என்றார். ஊசி போட்டார். மருந்தைத் தயிரில் குழைத்துக் கொடுக்கிறேன்.

தட்டை நானே கழுவினேன். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, முடிந்ததும் தலையோடு குளித்தேன். புது மண் கொட்டி வைத்ததும் வந்து முகர்ந்தது, மண்ணைப் பறித்தது, போயிற்று, சுத்தமாக மூடிவிட்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது. இத்தனை மடி எனக்கே இல்லை. அன்றிலிருந்து தட்டுக்கு வெளியே ஒரு சொட்டு இல்லை.

அடுத்த மாதம் வைரமுடி சேவைக்கு மேல்கோட்டைக் கோவிலுக்குப் போகிறேன், ஒரு வாரம் தங்குவேன். தட்டை அள்ளுவதாக அவன் என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறான்.

வசுதா, மனசுவிட்டுக் கேட்கிறேன். அவன் குடிக்கிறானா, அடிக்கிறானா? நல்ல பையன்தானே. நீ எப்போது வருகிறாய்?

செலுவம்பா

*

சென்னை
21 மார்ச் 2025

அம்மாவுக்கு வசுதா தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது.

மொசருவைக் காப்பாற்றிவிட்டீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்து அழுதேன்.

அவர் குடிப்பதில்லை, அடிப்பதுமில்லை. அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குக் குமட்டும், அவ்வளவுதான். எச்சில் தட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை, கழிவறை, காய்ச்சலில் நான் எடுத்த வாந்தி, எல்லாம் அவருக்குக் குமட்டும். எனக்கும் குமட்டும் அம்மா.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நீங்கள் மேல்கோட்டை போகிற வாரம் மொசருவைச் சுசித்ரா வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வசுதா

*

ஸ்ரீரங்கப்பட்டணம்
15 ஏப்ரல் 2025

அருமை வசுதாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். மொசரு என்னோடு இருக்கிறது, நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய்.

சுசித்ரா வீட்டில் விடச் சொன்னாய். நான் விடவில்லை. பெற்ற பிள்ளையை நம்பாமல் பூனையை அயல் வீட்டில் விடுவதா என்று வீம்பு. சேவை முடிந்து, புளியோதரையும் கையுமாக வந்து இறங்கினேன். மாடிப்படியிலேயே நாற்றம் எதிர்கொண்டு வந்தது. உள்ளே அதன்மேல் மல்லிகை வாசனை ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தான். மல்லிகையும் மூத்திரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கு எழுத வேண்டாம், என்னால் இனி ஆயுசுக்கும் மல்லிகையை முகர முடியாது.

மொசருவைத் துணி துவைக்கிற இடத்தில் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தான். தட்டு நான் போன அன்றிலிருந்து அள்ளாமல் நிரம்பிக் கிடந்தது. மொசரு ஒரு மூலையில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, குரல் போய், வாயை மட்டும் திறந்து திறந்து மூடிற்று. கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு நாள் உங்கள் படுக்கையிலும் போயிருக்கிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? மெத்தையைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு விரிப்பை விரித்து, அதிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறான். திருப்பிப் பார்த்தேன். மஞ்சளாக, ஈரமாக, இத்தனை பெரிய கறை. குமட்டல் ஜாஸ்தி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளை.

சோபாவில் போனும் கையுமாக இருந்தான். எழுந்திருக்கவில்லை. "வந்துட்டியா, நல்லதாப் போச்சு. ஒரேயடியா நாறடிச்சுடுத்து. கொஞ்சம் பாத்துடும்மா" என்றான்.

"தட்டை அள்ளினியா?"

"நேக்குக் குமட்டறதும்மா. வசுதா பண்ணுவா, இல்லேன்னா நீ பண்ணுவே."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். வசுதா, எனக்கு அருவருப்பு வந்தது. பூனைமேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நான் பெற்ற முகத்தைப் பார்த்து எனக்குக் குமட்டியது, அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நாற்றம் எனக்கும்தான் தெரிகிறது, உனக்கும் தெரிந்தது. குமட்டுகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் வசதி மட்டும் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. கொடுத்தது நான்தான். அவன் குமட்டுகிறது என்ற போதெல்லாம் "நீ நகரு கண்ணா" என்று சொல்லி நான் கழுவினேன். பிறகு நீ கழுவினாய்.

புளியோதரையை அங்கேயே வைத்துவிட்டு, மொசருவைக் காய்கறிக் கூடையில் போட்டு மேலே துணி கட்டி, ஆட்டோ பிடித்து மஞ்சுநாத் டாக்டரிடம் போனேன். அடைத்தே விட்டிருந்தது. குழாய் வைத்து எடுத்தார், இரண்டு நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிறகு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். இங்கே புதுத் தட்டு வாங்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் அள்ளுகிறேன். ஒவ்வொரு தடவையும் குமட்டுகிறது. இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது.

நீ எப்போது வருகிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். மொசருவைப் பார்க்க ஆசைப்பட்டால் இந்த விலாசத்துக்கு வா. போனும் செய்யலாம், என் பக்கத்தில் யாரும் இல்லை.

அவன் தினம் கூப்பிடுகிறான், வீடு நாறுகிறது, எப்போது வருகிறாய் என்று. நாறத்தான் நாறும். ஊருக்குக் கிளம்புமுன் அந்தப் பழைய தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கழுவாமல், அவன் உட்காரும் சோபாவுக்கு எதிரே கூடத்து நடுவில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

செலுவம்பா