ஓடைக்கு வேண்டிய கையெழுத்து

ஓரெகன்,
அக்டோபர் 4

அன்புள்ள தம்பி வெஸ்லிக்கு,

அக்கா ட்ரூடி எழுதுவது. நானும் மாடுகளும் சௌக்கியம். உன் முழங்கை வலி குறைந்ததா? அலாஸ்காக் குளிரில் அதை அலட்சியம் செய்யாதே.

போன மாதம் நான் லாட்டரி என்று வாயெடுத்ததுமே, "அந்தக் காசு நம்ம மண்ணுல விழக்கூடாதுக்கா" என்று தொலைபேசியை வைத்துவிட்டாய். அதன்பின் நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. முழுதாகக் கேட்கவாவது பொறுமை வேண்டாமா?

ஓடையின் நிலைமையைச் சொல்கிறேன். இந்த வருடம் ஜூலையிலேயே குட்டை குட்டையாக நின்றுவிட்டது. கிணற்றுத் தண்ணீரும் கீழே இறங்கிவிட்டது. கீழ்ப்புல்வெளி காய்ந்து கிடக்கிறது. இருபது மாடுகளை விற்றுவிட்டேன். எல்லாம் அப்பா செய்த வேலை. ஓடையில் மரக்கட்டை கிடந்தால் சால்மன் மீன் ஏறி வராது என்று நம் சின்ன வயதில் அதிகாரிகள் சொன்னார்கள். அவரும் புல்டோசரில் சங்கிலி கட்டி ஒரு கட்டை விடாமல் இழுத்துப் போட்டார். நாம் இருவரும் கரையில் நின்று கைதட்டினோம். தடுக்க ஒன்றும் இல்லாமல் தண்ணீர் நேராக ஓடி, தரையை ஆள் ஆழத்துக்கு அறுத்துவிட்டது. மீனும் வரவில்லை.

இப்போது ஓடைகளைச் சீர்செய்யும் நீர்ப்பிடிப்புக் குழுவின் ஆர்லின் வந்து, தண்ணீரைத் தேக்க வேரோடு நூறு மரங்களைத் திரும்ப ஓடையில் போட வேண்டும் என்கிறாள். சிரிப்பதா அழுவதா? மானியம் மாநில லாட்டரிப் பணத்திலிருந்து வருகிறது; பார்களில் லாட்டரிக்காரர்கள் வைத்திருக்கும் சூதாட்ட மெஷின்களின் வரும்படியும் அதில்தான் சேர்கிறது. நிலத்துக்கு உரியவர்கள் எல்லோரும் இருபத்தெட்டாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த கோடையில் வேலை இல்லை. மீன் முட்டையிடும் காலம் தவிர்த்து சில வாரம்தான் ஓடையில் இயந்திரம் இறங்க விடுவார்கள். இன்னொரு வருடம் என்னால் தாக்குப்பிடிக்க முடியாது.

தீவனக் கடையில் கார்ல் எல்லோர் முன்னாலும், "வெஸ்லி மெஷின்ல போட்டதெல்லாம் ஓடை வழியா வீட்டுக்கு வருது போல" என்றான். அவனுடைய நாய்க்குக்கூட அவனைவிட நாகரிகம் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரில் ஏறியதும் அழுதேன்.

எனக்கு மட்டும் இந்தப் பணம் இனிக்கிறதா? போன வாரம், நீ போய்க்கொண்டிருந்த பாருக்குப் போனேன். நீ உட்கார்ந்த அதே போக்கர் மெஷின் முன்னால், பள்ளிப் பேருந்து ஓட்டும் பெர்னிஸ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. உன் பின்னாலும் எத்தனை தடவை அப்படி நின்றிருக்கிறேன். இவளிடம் பிடுங்கி என் ஓடையில் மரம் போடுகிறார்களே என்று ஆர்லினிடம் கேட்டேன். அவளும் மறுக்கவில்லை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு ட்ரூடி. ஆனா நீ வேண்டாம்னா பெர்னிஸ் எழுந்து வீட்டுக்குப் போயிடுவாளா?" என்றாள். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

இனி, உன் கையெழுத்து எதற்கு என்று கேட்பாய். நீ சொல்லாமல் கிளம்பிய காலையில் சமையல் மேசையில் ஒரு பத்திரம் வைத்துவிட்டுப் போனாயே, உன் பாதி நிலத்தை எனக்கு எழுதிக் கொடுத்து. அதைப் பதிவு செய்திருந்தால் இன்று உன்னைக் கெஞ்ச வேண்டியதில்லை. வக்கீல் இரண்டு முறை கேட்டார். காணாமல் போய்விட்டது என்றேன். பொய். படித்து முடித்ததுமே அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆகவே பாதி நிலமும் பாதி ஓடையும் இன்றும் உன்னுடையவை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுவதானால் காகிதத்தைத் தபாலில் அனுப்பச் சொல்லாதே. அது இங்கே சமையல் மேசையில்தான் இருக்கிறது, வந்து போடு.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
ட்ரூடி