ராட்டினத்துக்கும் ஒரே அட்டை

2001 தை 7, ஞாயிறு
முல்லைத்தீவு

சிறுவர் பூங்காவின் வருட அட்டையை இன்றைய பூங்காச் சங்கக் கூட்டத்தில் இரண்டு வகையாகப் பிரிக்கப் பார்த்தார்கள். சாதாரண அட்டைக்கு ஊஞ்சல் மட்டும். கூடக் காசு கட்டினால் ராட்டினத்திலும் ஏறலாம். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அப்போது பின்வரிசையில் என் மனைவி ரெஜினா எழுந்தாள். கூட்டங்களில் அவள் வாய் திறந்ததே இல்லை.

"ராட்டினத்தைக் கையால தள்ளித்தானே சுத்திறது? ஏற அட்டை இல்லாத பிள்ளையளோ தள்ளப்போகுதுகள், தலைவர்?"

தலைவர் தாளில் எழுதியிருந்ததை வெட்டினார். பிறகு, "தங்கச்சி சொல்லுறது சரி. எல்லாருக்கும் ஒரே அட்டை" என்றார். கட்டணமும் பழையபடியே.

சைக்கிளில் திரும்பும்போது கேட்டாள்: "எனக்குக் கால் நடுங்கினது தெரிஞ்சதோ?"

"இல்லையப்பா" என்றேன்.

நன்றாகவே தெரிந்தது. அந்தக் காலோடு அவள் கடைசிவரை நின்றதுதான் எனக்குப் பெருமை.