அவள் வேலைக்குப் போனாளா?

புதன்கிழமை

உடம்பெல்லாம் வலிக்கிறது. கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நேராக சர்ச்சில் பெண்கள் வேதபாடத்துக்குப் போனேன். பாஸ்டரம்மா ஊரில் இல்லாததால், படித்த பெண் என்று என்னையே நடத்தச் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கோடு இருந்து, இயேசுவின் ஆடையைத் தொட்ட பெண்ணின் பகுதி. தலை நிமிராமல் வாசித்தேன்.

என் லைனில் பேக்கிங் செய்யும் மேரியக்கா குறுக்கே கேட்டார்: "அத்தினி வருசமும் அவ வேலைக்குப் போயிக்கினு இருந்தாளா?"

"தெரியலக்கா. எழுதல."

"ஏன்க்கா, உன் லைனுக்கு ஆள் எடுக்கப் போறியா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். எழுந்தபோது சேலையின் பின்பக்கத்தை அவசரமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சண்டே ஸ்கூலில் நான் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பகுதி அது. அவள் எவ்வளவு களைத்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வாசலில் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கும் மாசக்கணக்காக உதிரம் நிற்கவில்லையாம். "சூப்பர்வைசரு ஆம்பள. இன்னான்னு சொல்லி லீவு கேக்கறது?"

"நாளைக்கு நான் கேக்கறேன்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆளுக்கு நான் வணக்கம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணும் நடுங்கிக்கொண்டேதான் எல்லார் முன்பும் உண்மையைச் சொன்னாள். ஆண்டவரே, நாளைக்கு அந்த ஆளிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன்.