மூடியில் எழுதிய பெயர்

ஜூலை 1, செவ்வாய்
மேல்காற்று, லேசான தூறல். குடை கொண்டுபோனேன், தேவைப்படவில்லை. எலும்புப் புற்றுச் செல்கள், நான்கு வட்டத் தட்டுகள்: மருந்தில்லாதது, குறைவு, நடுத்தரம், அதிகம். எந்த அளவில் சாகின்றன என்று பார்க்க வேண்டும். மூடிகளில் வழக்கம்போல் பிள்ளையார் சுழி போட்டுப் பெயர் எழுதினேன்.

ஜூலை 3, வியாழன்
மூடிகளில் நீர்த்திவலை. நான்கையும் கழற்றி, துடைத்து மாட்டினேன். நீலச் சாயம் விட்டு எண்ணினேன். செத்த செல்தான் நீலமாகும். அதிக மருந்துத் தட்டில் எல்லாம் உயிரோடு! மருந்தில்லாததில் ஒரே நீலம். என் கண்ணோ? மூன்று முறை எண்ணினேன். அதேதான்.
ஆய்வகத் தலைவர் ஜெனிட்டா: "மருந்து கெட்டுப்போச்சு சார். சுடலை அண்ணாச்சி ஃபிரிட்ஜத் தொறந்து போட்டிருப்பாவ."
உதவியாளர் சுடலை: "நான் தொடவே இல்லம்மா."
"பின்ன, பேயா தொட்டுச்சு?"
திங்களன்று சுடலைமேல் அலுவலகத்துக்குப் புகார் எழுதுவாராம். கெட்ட மருந்தென்றால் மருந்தில்லாத தட்டு ஏன் செத்தது? கேட்க நினைத்தேன். எண்களைக் குறிப்பேட்டில் எழுதி மூடினேன். சுடலை டீ குடிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி
கடையில் வாங்க வேண்டியவை: சர்க்கரை மாத்திரை, பேனா. மாத்திரையை மறந்துவிட்டேன்.
குறிப்பேட்டில் எண்களைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். வரவேண்டியபடியே வந்தன. மூடிகளை வரிசையாக வைத்துத் துடைத்துவிட்டு, மறுமுனையிலிருந்து மாட்டியிருக்கிறேன். தட்டுகளில் ஓர் எழுத்தும் இல்லை. "மூடியில் எழுதாதீர்கள்" என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன். ஓய்வுபெற்றவனுக்கு இடம் கொடுத்ததே பெரிது. சொன்னால் வீட்டிலிருக்கச் சொல்வார்களோ?

ஜூலை 5, சனி
இரண்டு முறை ஜெனிட்டாவின் அறைக் கதவுவரை போய்த் திரும்பினேன். பிறகு சொல்லிவிட்டேன்.
ஜெனிட்டா சிரித்தார். "மூடிக்குப் பிள்ளையார காவல் வச்சிட்டிய. தட்டுக்கு யாரு சார்?" புகார் இல்லை. மறுபடி செய்யலாம் என்றார்.
சுடலையிடம் நானே போய்ச் சொன்னேன். "ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வாங்க ஜெனிட்டாம்மா சொன்னாவ. இனி அத உங்க மூடிக்குப் போடுங்க சார்." டீ வாங்கி வந்தார், எனக்கும்.
புதிய தட்டுகள் நான்கு. பெயர் அடிப்பக்கத்தில். சுழியும் அங்கேயே.

ஜூலை 7, திங்கள்
காற்று, நல்ல வெயில். மூடி ஒவ்வொன்றாகத்தான் கழற்றினேன். மருந்தில்லாததில் நாற்றங்கால் போல அடர்த்தி. அதிக மருந்தில் அநேகமாக எல்லாம் நீலம். இரண்டு முறை மட்டும் எண்ணினேன்.
சுடலையும் நுண்ணோக்கியில் பார்த்தார். "எல்லாம் செத்துப்போச்சா சார்?"
"இல்லை, ஏழெட்டு மிச்சமிருக்கு."
"அதுவும் உங்கள மாரிதான். வீட்டுக்குப் போன்னா போவுதா பாருங்க!"
ஜெனிட்டாவும் சிரித்தார். வியாழன் எட்டரைக்கே வரச் சொல்லியிருக்கிறார்.