தங்கையிடம் கொடுத்த அட்டை

ஜூன் 10
சம்பளம் வந்து ஒன்பதே நாள். கணக்கில் மிச்சம் நூற்றுப் பத்து.

செல்போன் பழுது பார்க்கும் கடையில் எனக்குத் திரை மாற்றும் வேலை மட்டும்தான். போனுக்குள் இருக்கும் போர்டு கெட்டுப்போனால் முதலாளி வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறார். “எனக்குத் தெரியும், நானே பாக்கறேன்” என்றேன். “மைக்ரோஸ்கோப் இல்லாம எப்படிப் பாப்பே? வாங்கிட்டு வா, வேலையைத் தர்றேன்” என்றார்.

அதன் விலை என் இரண்டு மாதச் சம்பளம்.

ஜூன் 11
பணம் எங்கே போனது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். உருப்படியாக ஒன்றும் வாங்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 1
சம்பளம் வந்ததும் ஏடிஎம் அட்டையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்புதான், ஆனால் மகா கஞ்சம். ரகசிய எண்ணை மாற்றினாள். என் போனிலிருந்த பணம் அனுப்பும் செயலியையும் அழித்தாள். மாதம் பாதிச் சம்பளத்தைத் தொடக் கூடாதாம்.

ஜூலை 16
“அக்கா, நேத்து ரெண்டு டீயா?”
அம்மாகூட என்னை இப்படிக் கேட்டதில்லை.

செப்டம்பர் 12
தங்கையோடு பெரிய சண்டை. ஹெட்போன் பாதி விலைக்கு வந்திருக்கிறது, நாளையோடு முடிகிறது. கேட்டேன், மாட்டேன் என்றாள். “என் காசுடி அது! நீ யாரு?” என்று கத்திவிட்டேன். முகம் சுருங்கிப்போனது. அட்டையை என் மடியில் போட்டாள். “புது நம்பர் உன் பிறந்தநாள்தான். போய் வாங்கிக்கோ.”

ஏன் அப்படிப் பேசினேன்?

செப்டம்பர் 13
பணத்தை எடுத்தேன். கடைக்குப் போனேன். ஹெட்போனைக் காதில் மாட்டிப் பார்த்தேன், பாட்டு அருமையாகக் கேட்டது. பத்து நிமிடம் நின்றேன். யாரும் தடுக்கவில்லை. கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏனோ சிரிப்பு சிரிப்பாக வந்தது.

பணத்தைத் திரும்பக் கணக்கில் போட்டுவிட்டு அட்டையை நீட்டினேன். தங்கை வாங்கவில்லை. “இனிமே நீயே வச்சுக்கோக்கா. எனக்குப் பரீட்சை இருக்கு” என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள், அது போதும்.

அக்டோபர் 3
மைக்ரோஸ்கோப் வந்துவிட்டது! அம்மா அதில் உப்பைப் பார்த்தாள், தங்கை தன் நகத்தைப் பார்த்து அலறினாள். வீடே அமளி.

அக்டோபர் 9
தண்ணீரில் விழுந்த போன் ஒன்றை முதலாளி என்னிடமே தந்தார். மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். திரையில் வெளிச்சம் வந்ததும் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்துவிட்டேன். காத்திருந்த வாடிக்கையாளர் கைதட்டினார்.

நவம்பர் 4
வேறு கடைக்காரர் ஒருவர் ஐந்து போன்களை ஒரு பையில் கொண்டுவந்தார். அவரால் முடியவில்லையாம். முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.
“எல்லாம் போர்டுதானே? அந்தப் பொண்ணு மேசையில வைங்க.”